ஸ்டுடியோ பாட்டரி சேகரிப்பு: நெல்லைச் சீமையிலிருந்து தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஒரே குயவரோ, ஒரு சிறு பட்டறையில் சேர்ந்து உழைக்கும் சிலரோ, மண்ணைக் குழைப்பது முதல் சூளையைத் திறப்பது வரை எல்லா வேலைகளையும் தம் கையாலேயே செய்து, தம் முத்திரையை இட்டு விற்கும் கலங்களை ஸ்டுடியோ பாட்டரி என்கிறோம். ஆங்கிலக் குயவர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாடாவும் 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பட்டறை அமைத்ததை இதன் தொடக்கமாகப் பலரும் கொள்கின்றனர். இந்தியாவில் சர்தார் குர்சரண் சிங் ஜப்பானில் பயின்று திரும்பி, 1952இல் டெல்லி புளூ பாட்டரியை நிறுவினார். நமக்கு இன்னும் நெருக்கமானது, ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. அங்கே பயின்றவர்களின் பட்டறைகள் இன்று ஆரோவில்லிலும் நாட்டின் பல பகுதிகளிலும் இயங்குகின்றன. இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் விழுப்புரம்; அங்கிருந்து பேருந்தில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றால் புதுச்சேரி. இந்தியாவின் முதன்மையான மட்கலப் பட்டறைகளில் ஒன்று நமக்கு ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்கிறது.

வீட்டில் வைத்துப் புழங்கவும், ஆண்டுக்கு ஒன்றிரண்டாகச் சேர்க்கவும் விரும்புகிறவர்களுக்கானது இந்த வழிகாட்டி. விலை ஏறும் என்று எண்ணி வாங்குகிறவர்களுக்கு இதில் சொல்ல எதுவுமில்லை. தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில் மயங்கி முதல் பத்துக் கலங்களை வாங்கிவிடுகிறார்கள். மண்ணையும் வடிவத்தையும் பார்க்கப் பழகிய பிறகு அவற்றுள் பாதியைக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். ஆகவே மண், வடிவம், நெருப்பு, அதன் பிறகே நிறம் என்ற வரிசையில் கற்றுக்கொள்வது நல்லது. அந்த வரிசையில் கற்க நெல்லைச் சீமையைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை.

1. காசை எடுக்கும் முன் கையையும் கண்ணையும் பழக்குங்கள்

முதலில் பாளையங்கோட்டையிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும், திருச்செந்தூர் சாலையில் ஆதிச்சநல்லூருக்கும் சென்று வாருங்கள். 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டிப் பார்த்து, பின்னர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் விரிவாக அகழ்ந்த தாழிக்காடு அது. 2023 முதல் அங்குள்ள கள அருங்காட்சியகத்தில், தாழிகளை அவை கிடந்த குழியிலேயே, கண்ணாடித் தரைக்குக் கீழே பார்க்கலாம். தாழிகளைவிட, உடன் கிடைத்த கருப்பு-சிவப்புக் கலங்களிடம் அதிக நேரம் நில்லுங்கள். உட்புறமும் வாய்ப்பகுதியும் கரி நிறம். வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி செந்நிறம். இரண்டும் ஒரே மண், ஒரே சூளை. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, காற்றுப் படாமல் புகைக்குள் அடைபட்ட பகுதி கறுக்கிறது. காற்றுப் பட்ட பகுதியிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவக்கிறது. இதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால், இன்றைய பட்டறைகளில் பேசப்படும் ‘ஆக்சிடேஷன்’ (காற்றோட்டத்தில் சுடுதல்), ‘ரிடக்‌ஷன்’ (காற்றைக் குறைத்துச் சுடுதல்) என்ற சொற்கள் எவரையும் மிரட்டா.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய ஊர்களின் வயல்வரப்புகளில் பழைய ஓட்டுத்துண்டுகள் காலில் தட்டுப்படும். அவற்றைப் பொறுக்கி வந்து அலமாரியில் வைப்பது சேகரிப்பு ஆகாது. நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை விற்பதையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்திலிருந்து எடுப்பது தனிக் குற்றம். அதைவிடவும் முக்கியமாக, மண்ணடுக்கிலிருந்து பெயர்த்த ஓடு தன் காலத்தைச் சொல்லும் ஆற்றலை இழந்துவிடுகிறது. கிடந்த இடத்தில் கிடக்கட்டும்.

அடுத்ததாகக் காருகுறிச்சி. நெல்லையிலிருந்து தென்காசி செல்லும் ரயிலில் சேரன்மகாதேவியைத் தாண்டியதும் வரும் இந்த ஊரில், குளத்து மண்ணை எடுத்துச் சட்டியும் பானையும் செய்யும் வேளார் குடும்பங்கள் இன்றும் வேலை செய்கின்றன. சக்கரத்திலிருந்து இறங்கும் பானைக்கு முதலில் அடி இராது. சற்றுக் காய்ந்ததும் உட்புறம் ஒரு வழவழப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளிப்புறம் மரப்பலகையால் தட்டித் தட்டி, கீழ்விளிம்பை நீட்டி நீட்டி அடியை மூடுகிறார்கள். தட்டும் ஓசை மாறுவதை வைத்தே கனம் சீராகிவிட்டதென்று கை நின்றுவிடும். முடிந்த பானையின் தோள்பட்டையில் விரலை ஓட்டினால், பலகை விழுந்த தடங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தட்டுப்படும். “அண்ணாச்சி, இது எந்தக் குளத்து மண்ணு, எவ்வளவு மணல் சேக்கிறீங்க?” என்று கேட்டுப் பாருங்கள், வேலை நெருக்கடியில்லாத நாளாக இருந்தால் நிறையச் சொல்வார்கள். தைப்பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் போய் அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். திரும்பும்போது ஒரு குழம்புச் சட்டி வாங்கி வாருங்கள். பின்னாளில் வாங்கப்போகும் எந்தக் கலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே உரைகல்.

2. மண்ணின் வகையும் சூட்டின் அளவும்

காருகுறிச்சிச் சட்டி போன்ற சுடுமண் கலங்கள் பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வேகின்றன. அவற்றின் உடலில் நுண்துளைகள் இருக்கும், தண்ணீரை உறிஞ்சும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அந்தக் கசிவு ஆவியாவதால்தான். ஸ்டுடியோ குயவர்களில் பலர் செய்வது ஸ்டோன்வேர். 1200 முதல் 1300 டிகிரி வரையிலான சூட்டில் அதன் உடல் இறுகிக் கல்லைப்போல் ஆகிவிடுவதால் தண்ணீர் பெரும்பாலும் ஏறாது. போர்சலின் வெள்ளைக் கயோலின் மண்ணால் ஆனது; இன்னும் இறுகியது; மெல்லிய இடத்தில் விளக்கைப் பிடித்தால் ஒளி ஊடுருவும். ராக்கு என்பது தனி வகை. ஏறக்குறைய 1000 டிகிரியில் செந்தணலாக இருக்கும்போதே கலத்தை இடுக்கியால் வெளியே எடுத்து, மரத்தூளில் புதைத்துப் புகையூட்டுவார்கள். பார்க்க அழகு, ஆனால் நுண்துளை நிறைந்தது, உணவுக்கு ஆகாது. ஜெய்ப்பூர் நீலக்கலம் களிமண்ணே அல்ல. குவார்ட்ஸ் மாவை அடிப்படையாகக் கொண்டது. விற்பவர் எல்லாவற்றையும் ‘செராமிக்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், எந்த மண், எத்தனை டிகிரி என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

சொல்லை நம்ப மனமில்லாதவர்கள் வீட்டில் ஓர் எளிய சோதனை செய்யலாம். நன்கு காய்ந்த கலத்தைச் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். ஒருநாள் முழுதும் தண்ணீரில் மூழ்க வைத்து, துடைத்து, மீண்டும் எடை போடுங்கள். 500 கிராம் கலம் 510 கிராம் ஆனால் உறிஞ்சல் 2 விழுக்காடு. ஸ்டோன்வேருக்கு இது ஏற்கத்தக்கது. 550 கிராம் ஆனால், அதை என்ன பெயரில் விற்றிருந்தாலும் அது நன்கு வேகாத கலம். கடையிலேயே பார்ப்பதென்றால், சட்டி வாங்கும்போது நம் ஆச்சிமார் செய்வதுபோல் விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் போதும். நன்றாக வெந்ததும் விரிசலற்றதுமான கலம் நீண்டு ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஓசை செத்து விழும்.

3. கலத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்

சேகரிப்பாளர் ஒரு கலத்தை எடுத்தவுடன் அனிச்சையாகச் செய்யவேண்டிய வேலை இது. அடியில்தான் மண் ஆடையில்லாமல் இருக்கிறது. கிளேஸ், அதாவது கலத்தின் மேல் கண்ணாடியாக உருகிப் படியும் பூச்சு, சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அடியில் துடைக்கப்பட்டிருக்கும். அங்கே மண்ணின் நிறத்தையும் பரலின் அளவையும் பாருங்கள். சுழலும் சக்கரத்திலிருந்து நூலால் அறுத்தெடுத்த கலமானால், அடியில் சங்கின் சுழியைப் போன்ற கோடுகள் இருக்கும். அடி வளையத்தைப் பின்னர் கருவியால் செதுக்கியிருந்தால், ஒரே மையத்தைச் சுற்றிய வரிகள் இருக்கும். அந்த வளையம் கலத்தின் உடலுக்குப் பொருத்தமான அகலத்தில் இருக்கிறதா, அதன் விளிம்பு மேசையைக் கீறாதபடி தேய்க்கப்பட்டிருக்கிறதா என்பவற்றிலிருந்து குயவரின் கவனம் தெரிந்துவிடும். அடியைச் சரியாகச் செய்பவர் மற்ற இடங்களில் அலட்சியமாக இருப்பது அரிது.

என் மேசையில் உள்ள ஒரு கறுப்புக் கோப்பையின் அடி வளையத்துக்குச் சற்று மேலே, கிளேஸ் படியாத மூன்று சிறு நீள்வட்டங்கள் இருக்கின்றன. கிளேஸ் குழம்பில் முக்கும்போது குயவரின் விரல்கள் பிடித்திருந்த இடங்கள் அவை. தீட்டி மறைத்திருக்கலாம், அவர் மறைக்கவில்லை. என் விரல்களை அதே இடத்தில் வைத்தால், எந்தக் கோணத்தில் சாய்த்து முக்கினார் என்பதுகூடத் தெரிகிறது.

அச்சில் வார்த்த கலத்தில் இவை எதுவும் இரா. சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்கும். பக்கவாட்டில் அச்சு சேரும் கோடு மெலிதாகத் தெரியும். ஒட்டுப்படத்தால் இட்ட பூவேலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பெரும்பாலும் அச்சுப் புள்ளிகளாகப் பிரியும். தொழிற்சாலைப் பொருள்களும் தம்மளவில் நல்ல பொருள்களே. அவற்றைக் கைவேலை என்று சொல்லிக் கைவேலை விலைக்கு விற்கும்போதுதான் நமக்கு இந்த அடையாளங்கள் தேவைப்படுகின்றன.

முத்திரையைப் பொறுத்தவரை, ஈரமண்ணில் அழுத்தியது, கீறியது, கிளேஸுக்கு மேல் எழுதியது என்ற மூன்றையும் பிரித்தறியுங்கள். கடைசி வகையைச் சுட்ட பிறகும் சேர்த்துவிட முடியும். முத்திரையை மட்டும் நம்புவதும் ஆபத்து. 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு சிறைச்சாலையின் மட்கல வகுப்பில் கைதிகள் செய்த போலி லீச் கலங்கள், முத்திரையோடு ஏல நிறுவனங்கள் வரை போய்ச் சேர்ந்தன.

4. கிளேஸும் சூளையும்

கருப்பு-சிவப்புக் கலத்தில் பார்த்த அதே விதி இங்கே விரிகிறது. இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். கிளேஸில் ஒன்றிரண்டு விழுக்காடு இரும்பு ஆக்சைடு கலந்து, சூளையில் காற்றைக் குறைத்துச் சுட்டால், செலடான் எனப்படும் பச்சையும் நீலமும் கலந்த நிறம் கிடைக்கும். அதே கிளேஸைக் காற்றோட்டத்தில் சுட்டால் தேன் மஞ்சள். இரும்பு எட்டு முதல் பத்து விழுக்காடு வரை ஏறினால் டென்மோகு என்னும் பளபளப்பான கறுப்பு. கிளேஸ் வழிந்து மெலியும் வாய்விளிம்பில் அந்தக் கறுப்பு துருநிறமாக உடைவதைக் காணலாம். செம்பு காற்றோட்டத்தில் பச்சை தரும். காற்றைக் குறைத்தால் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான செம்பே குருதிச் சிவப்பாகிறது. இந்தச் சிவப்பு சூளையின் மூலைக்கு மூலை மாறும். ஒரே கலத்தில் ஒரு பக்கம் சிவந்தும் மறுபக்கம் வெளுத்தும் வருவது உண்டு. நல்ல செம்புச் சிவப்பின் விலையில், பாழாய்ப்போன கலங்களின் செலவும் அடங்கியிருக்கிறது.

விறகுச் சூளைக் கலங்களுக்குத் தனிப்பட்ட பொறுமை வேண்டும். சில சூளைகளில் பல நாள் இரவுபகலாக விறகு போடுவார்கள். பறக்கும் சாம்பல் கலங்களின் மேல் படிந்து, உருகித் தானே கிளேஸ் ஆகிறது. சாம்பல் விழுந்த முகமும் விழாத முதுகும் வேறுவேறாக இருப்பதால், கையில் சுழற்றிப் பார்த்தால் தீ எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். உப்புச் சூளையில், உச்சச் சூட்டில் உப்பை வீசுவார்கள்; அதன் சோடியம் ஆவி மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து, ஆரஞ்சுத் தோலின் புள்ளிகளைக் கொண்ட மெருகை உண்டாக்கும். முதல் பார்வைக்கு இவை மங்கலாகத் தோன்றும். மின்சூளையில் வெந்த பளிச்சென்ற நீலத்தின் பக்கத்தில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஓராண்டு கையில் புழங்கிய பிறகு நீலம் அலுத்துவிட்டதென்றும், சாம்பல் கலம் இன்னும் அலுக்கவில்லையென்றும் சொல்பவர்கள் பலர். என் கருத்தும் அதுவே. ஆனால் இது தேர்வு பற்றிய கருத்து. மின்சூளையிலும் மிக நல்ல வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள்.

5. எது குறை, எது குறையல்ல

கிளேஸில் சிலந்திவலைபோல் நுண்கோடுகள் ஓடுவது, ஆறும்போது உடலைவிடக் கிளேஸ் அதிகமாகச் சுருங்குவதால் ஏற்படுகிறது. பூச்சாடியில் இது அழகாகவே இருக்கலாம். சீனத்தில் இதை வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். சொதி ஊற்றும் கிண்ணத்தில் இருந்தால் எண்ணெயும் மஞ்சளும் கோடுகளில் இறங்கி நிலைத்துவிடும். அடியின் நடுவில் ‘எஸ்’ வடிவ விரிசல், கைப்பிடி சேருமிடத்தில் மயிரிழைக் கீறல், விளிம்பில் கிளேஸ் சீவலாக உதிர்வது ஆகிய மூன்றையும் எந்த விலையிலும் வாங்காதீர்கள். ஊசித்துளைகளும் கிளேஸ் விலகிய திட்டுகளும் இடத்தைப் பொறுத்தவை: உட்புறத்தில் இருந்தால் தள்ளுங்கள், வெளிப்புறத்தில் இருந்தால் கண் முடிவு செய்யட்டும். குயவர்களே குறைந்த விலைக்கு ஒதுக்கி வைக்கும் ‘செகண்ட்ஸ்’ கலங்கள் தொடக்கக்காரருக்கு நல்ல பாடநூல். எதற்காக ஒதுக்கினார் என்று கேட்டு வாங்குங்கள்.

உணவுக்குப் புழங்கும் கலமானால் இன்னொரு சோதனை உண்டு. எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ கிளேஸின் மேல் சில துளிகள் விட்டு ஓர் இரவு வைத்திருங்கள். காலையில் அந்த இடம் நிறம் மாறியிருந்தால் கிளேஸ் அமிலத்தில் கரைகிறது. புளிக்குழம்பும் ஊறுகாயும் அதற்கு ஆகா. நிறம் மாறாதிருந்தால் அபாயமில்லை என்று அறுதியிட முடியாது; ஈயம் உள்ளதா என்பதை ஆய்வகம்தான் சொல்லும். ஆகவே மங்கலான மேட் கிளேஸ், பளிச்சென்ற செம்புப் பச்சை, எத்தனை டிகிரியில் சுட்டதென்று தெரியாத பழைய வண்ணக் கலம் ஆகியவற்றைப் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

6. எல்லை வகுத்துக்கொள்ளுதல்

எல்லாவற்றிலும் ஒவ்வொன்று என்று தொடங்கினால் அலமாரி கண்காட்சிக் கடைபோல் ஆகிவிடும். ஒரே வடிவத்தைப் பின்தொடர்வது என் பரிந்துரை: தண்ணீர்க் கூஜா, மூடியுள்ள ஜாடி, கைப்பிடியில்லாத கோப்பை என ஏதேனும் ஒன்று. பத்துக் குயவர்கள் ஒரே சிக்கலை எப்படித் தீர்த்திருக்கிறார்கள் என்பது பக்கத்தில் பக்கமாக வைக்கும்போது விளங்கும். கூஜா எனில் மூக்கு சொட்டாமல் ஊற்றுகிறதா, நிறைந்திருக்கும்போது கைப்பிடி மணிக்கட்டை வலிக்கச் செய்கிறதா என்று பார்க்கலாம். வேறொரு வழி, ஒரே குயவரின் வேலையை ஆண்டுதோறும் ஒவ்வொன்றாக வாங்குவது. இளம் குயவர் ஒருவரை இப்படித் தொடர்ந்தால் செலவு குறைவு. அவர் வளர்வதைக் கூடவே பார்க்கவும் முடியும்.

7. வாங்குதலும் வீடு சேர்த்தலும்

முடிந்தவரை பட்டறையிலேயே வாங்குங்கள். புதுச்சேரிக்கும் ஆரோவில்லுக்கும் ஒரே பயணத்தில் போய் வரலாம். போகுமுன் திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னைக் கண்காட்சிகளில் தேர்வு அதிகம், பேச நேரம் குறைவு. இணையத்தில் வாங்குவதானால் அடிப்பாகத்தின் படம், உயரம், எடை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். எடை தெரிந்தால் சுவரின் கனத்தை ஊகிக்கலாம். விலை ஒரு கோப்பைக்குச் சில நூறு ரூபாயிலிருந்து, பெயர்பெற்றவரின் பெரிய ஜாடிக்குப் பல ஆயிரமும் அதற்கு மேலும் போகும். ரதவீதிக் கடையில் பேரம் பேசுவதுபோல் இங்கே பேசுவது முறையாகாது. மூன்று நான்கு கலங்கள் சேர்த்து வாங்கும்போது அவரே குறைத்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ரயிலில் கொண்டுவரும்போது மூடியைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் சுற்றுங்கள். கூஜாவின் உட்புறத்தில் தாளைத் தளர்வாகத் திணியுங்கள். பெட்டிக்குள் பெட்டி வைத்து, இடைவெளியில் வைக்கோலோ கசக்கிய செய்தித்தாளோ இரண்டு விரற்கடை கனத்துக்கு நிரப்புங்கள். குலுக்கிப் பார்த்தால் எதுவும் அசையக்கூடாது. பெட்டி மேல் படுக்கையில் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும்.

8. பதிவேடு

வாங்கிய அன்றே எழுதுங்கள்: குயவர் பெயர், பட்டறை, நாள், விலை, மண், சூளை வகை, சுட்ட சூடு, உயரம், எடை, முத்திரையின் படம். ஓர் எண் கொடுத்து, அதைச் சிறு தாளில் எழுதிக் கலத்துக்குள் போடுங்கள். அடியில் ஒட்டுத்தாள் ஒட்டினால் கிளேஸ் இல்லாத மண்ணில் பசை ஏறிவிடும். பதிவேட்டின் படியொன்று கைபேசியில் இருக்கட்டும். அதற்கான காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

9. நம் ஊரின் தண்ணீர், காற்று, வெள்ளம்

தாமிரபரணித் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்குப் பெரிய கவலையில்லை. வள்ளியூர், ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால், கறுப்பு டென்மோகுவின் மேல் வெள்ளை உப்புப் படலம் படியும். உடனே துணியால் துடைப்பதே நல்ல தடுப்பு. படிந்துவிட்டால், தண்ணீர் கலந்த வினிகரைச் சில நிமிடங்கள் மட்டும் வைத்துத் துடைத்து, நன்கு அலசுங்கள். மேட் கிளேஸில் இதைச் செய்யாதீர்கள். பாத்திரம் விளக்கும் கம்பிநாரை எந்தக் கலத்துக்கும் காட்டவேண்டாம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கிண்ணத்தில் கொதிக்கும் குழம்பை ஊற்றினால் ஸ்டோன்வேரும் வெடிக்கும். அடுப்பில் ஏற்றும் வேலையைக் காருகுறிச்சிச் சட்டியிடமே விட்டுவிடுங்கள்.

ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று, தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் சன்னலோரத்துப் பொருள்களைத் தள்ளிவிடும். அந்த மாதங்களில் சன்னல் மாடத்தில் உயரமான, அடி குறுகிய கலங்கள் வேண்டாம். திறந்த அலமாரியின் விளிம்பில் விரல் உயரத்துக்கு ஒரு மரச்சட்டம் அடித்துவிடுங்கள். வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடமிருந்தும் அது காப்பாற்றும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் சிந்துபூந்துறை, கைலாசபுரம் போன்ற ஆற்றோரப் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் பார்த்தோம். நன்கு வெந்த ஸ்டோன்வேரைச் சேற்று நீர் ஒன்றும் செய்யாது, கழுவி எடுத்துக்கொள்ளலாம். மிதக்கும் கட்டிலும் பீரோவும் மோதித்தான் அது உடையும். வெள்ளத்தில் அழிவது ரசீதும் பதிவேடும். சுடுமண் கலம் சேற்று நீரை உறிஞ்சியிருந்தால், உலரும்போது உப்பு வெண்மையாகப் பூத்து மேற்பரப்பை உதிர்த்துவிடும். அதை வெயிலில் வைக்காமல், நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நாள்தோறும் தண்ணீரை மாற்றி, உப்பு இறங்கிய பின் நிழலில் உலர்த்துங்கள். ஆற்றோரத்தில் குடியிருப்பவர்கள் பெரிய கலங்களைக் கீழ்த்தட்டில் வைக்கும் வழக்கத்தை, ஐப்பசி முதல் மார்கழி வரையாவது மாற்றிக்கொள்ள வேண்டும்.

உடைந்துபோனால் துண்டுகளைப் பொறுக்கி, உடைந்த விளிம்புகள் ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனியே தாளில் சுற்றி வையுங்கள். பார்வைக்கு மட்டும் வைக்கும் கலத்தை எபாக்சிப் பசையால் ஒட்டலாம். ஒட்டிய கலத்தில் உணவு பரிமாறக்கூடாது. அரக்கும் பொற்பொடியும் கொண்டு ஒட்டும் ‘கின்ட்சுகி’ என்ற ஜப்பானிய முறை இப்போது பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் கடையில் கிடைக்கும் பெட்டிகள் பலவற்றில் இருப்பது எபாக்சியும் தங்க நிறத் தூளுமே. விலைமதிப்புள்ள கலமானால் எதையும் தொடாமல் முதலில் செய்தவருக்கே எழுதிக் கேளுங்கள். ஒட்டியதைப் பதிவேட்டில் நாளோடு குறித்து வையுங்கள். பின்னாளில் அதை வாங்குகிறவருக்கோ பெறுகிறவருக்கோ அந்தத் தகவல் தெரிந்திருக்க வேண்டும்.